முதலாளித்துவம், மார்க்சியம், அரசின்மைவாதம்: வகுப்பறையில் முத்தரப்பு விவாதம் நடத்துவது எப்படி?

முதுகலை அரசியல் அறிவியல் வகுப்பில் முதன்முறையாக இந்த விவாதத்தை நடத்தியபோது, "எது சிறந்தது: முதலாளித்துவமா, மார்க்சியமா, அரசின்மைவாதமா?" என்று கரும்பலகையில் எழுதினேன். இருபது நிமிடங்களுக்குள் அது பட்டிமன்றமாகிவிட்டது. ஒருவர் ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்களைச் சொன்னார். மற்றொருவர் அடிமை வணிகத்தைச் சொன்னார். மூன்றாவது அணி பேச எழுந்தபோது வகுப்பே சிரித்தது. கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் மணியடித்தபோது, காலையில் என்ன நம்பிக்கையோடு வந்தார்களோ அதே நம்பிக்கையோடுதான் எல்லோரும் வெளியே போனார்கள். தவறு தலைப்பில் இருந்தது, அதாவது என்னிடம் இருந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். 30 மாணவர்கள், இரண்டு வாரத் தயாரிப்பு, 50 நிமிடப் பாடவேளைகள் இரண்டு என்பது கணக்கு. இரண்டு விதிகளின்மேல் இம்முறை நிற்கிறது: மூன்று கோட்பாடுகளும் ஒரே ஒரு பணியிடத்தைப் பற்றியே பேச வேண்டும், எதிரணியின் வாதத்தை அந்த அணியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லாமல் எவரும் அதை மறுக்கக்கூடாது.

முதல் படி: கேள்வியைத் தரையிறக்குதல்

"எது சிறந்தது" என்ற கேள்விக்கு உலக வரலாறு முழுவதும் சான்றாகிவிடுகிறது. அதனால் எதுவுமே சான்றாவதில்லை. மாணவர்கள் நேரில் பார்த்த ஓர் உற்பத்தி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது கோவை, திருப்பூர் மாவட்டங்களில், சோமனூர், பல்லடம் பக்கம் காணப்படும் விசைத்தறிக் கூடம்.

ஒரு கொட்டகையில் எட்டுத் தறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தறி, கொட்டகை இரண்டும் ஒருவருக்குச் சொந்தம். ஆனால் பாவு நூலும் ஊடை நூலும் அவருடையவை அல்ல. ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிறார், நெய்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். அந்தக் கூலியிலிருந்து தறிக்காரர் தறியோட்டிக்குச் சம்பளம் கொடுக்கிறார். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திப் போராடுபவரும் இதே தறிக்காரர்தான். இரண்டு மாதங்களுக்கு 1000 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரத்தை அரசு தருகிறது. இவர் முதலாளியா, தொழிலாளியா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும், பாடநூலைப் புரட்டாமலேயே வர்க்கம் என்ற சொல்லின் சிக்கல் வெளிவந்துவிடும்.

விவாதத்துக்கான கேள்விகளை மூன்றாக எழுதுகிறேன். இந்தக் கொட்டகையும் தறியும் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்? எந்தத் துணியை, எவ்வளவு, எத்தனை மணிநேரம் நெய்வது என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? செலவு போக மிஞ்சுவது யாருக்குச் சேர வேண்டும்? ஒவ்வோர் அணியும் மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வேறாக இருந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டமும் மீன்பிடி விசைப்படகும் இதற்கு நன்றாகப் பொருந்தும். கணினி நிறுவனத்தை முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே உற்பத்திக் கருவி எது என்பதிலேயே ஒரு பாடவேளை கழிந்துவிடும்.

இரண்டாம் படி: சொற்களைச் சுத்தம் செய்தல்

தமிழில் இந்த விவாதம் பாதிநேரம் சொற்களால்தான் தடம் புரள்கிறது. அதற்கு அரைமணி நேரம் ஒதுக்குவது வீணாகாது.

முதலில் அராஜகம். அரசன் இல்லாத நிலை என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் நாளிதழில் "ரவுடிகள் அராஜகம்" என்று படித்துப் பழகிய மாணவரிடம் "நீ அராஜகவாதத்துக்காகப் பேசு" என்றால், பேசத் தொடங்கும் முன்பே அவர் தோற்றுவிடுகிறார். என் முதல் வகுப்பில் எழுந்த சிரிப்புக்குக் காரணம் இதுதான். எனவே அரசின்மைவாதம் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அரசு உள்ளிட்ட, மேலிருந்து கட்டளையிடும் அமைப்புகளை நீக்கிவிட்டு, தாமாக முன்வந்து செய்துகொள்ளும் ஒப்பந்தங்களாலும் கூட்டமைப்புகளாலும் வாழ்வை ஒழுங்குபடுத்த முடியும் என்பதே அதன் நிலைப்பாடு. ஒழுங்கு வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஒழுங்குக்கு ஆள்பவர் தேவையில்லை என்கிறது.

அடுத்து முதலாளி. கடைவீதியில் இது மரியாதைச் சொல். "முதலாளி இருக்காரா?" என்று கேட்பவர் வர்க்கப் பகுப்பாய்வு எதையும் செய்யவில்லை. கோட்பாட்டில் இச்சொல், உற்பத்திச் சாதனங்களை உடைமையாக வைத்துக்கொண்டு கூலி உழைப்பை அமர்த்துபவரைக் குறிக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இதைச் சொல்லிவிட்டால் தனிமனிதர்களைத் திட்டும் பேச்சு பாதியாகக் குறையும்.

மூன்றாவது, தனியுடைமை. "பொதுவுடைமை வந்தால் என் வண்டியையும் பிடுங்கிவிடுவார்களா?" என்ற கேள்வி எல்லா ஆண்டும் வரும். பிறர் உழைப்பை அமர்த்தி வருவாய் ஈட்டப் பயன்படும் உடைமைக்கும், ஒருவர் தம் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை மார்க்சியரும் அரசின்மைவாதியரும் வற்புறுத்துகின்றனர். சொத்து என்பது திருட்டு என்று 1840இல் எழுதிய பிரெஞ்சு அரசின்மைவாதி புரூதோன்கூட, ஒருவர் தாம் உழைத்துப் பயன்படுத்தும் அனுபோகத்தை அதனின்று பிரித்தே பேசினார். உழைப்பு, உழைப்புச் சக்தி ஆகிய இரண்டையும் கூடவே பிரித்துக் காட்டிவிடுங்கள். தொழிலாளி கூலிக்கு விற்பது வேலை செய்யும் ஆற்றலை, அதுவே உழைப்புச் சக்தி. அதைக் கொண்டு செய்யப்படும் வேலை உழைப்பு. இந்த வேறுபாடு இல்லாமல், கூலிக்கு மேல் அந்த உழைப்பு உண்டாக்கும் உபரி மதிப்பு புரியாது.

மூன்றாம் படி: படிக்க வேண்டிய பக்கங்கள்

ஓர் அணிக்கு 15 பக்கங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் பக்கங்களில், அந்தக் கோட்பாடு தன் எதிரியை மதித்துப் பேசும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாளித்துவ அணிக்கு ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய குண்டூசிப் பட்டறைப் பகுதியைக் கொடுங்கள். தனியாக வேலை செய்யும் ஒருவர் நாளொன்றுக்கு 20 ஊசிகூடச் செய்ய முடியாத இடத்தில், வேலையைப் பிரித்துக்கொண்ட 10 பேர் 48,000 ஊசிகளுக்குமேல் செய்கிறார்கள் என்று அவர் கணக்குக் காட்டுகிறார். அதே நூலின் ஐந்தாம் பகுதியில், வாழ்நாள் முழுவதும் ஒன்றிரண்டு எளிய செயல்களையே செய்பவரின் அறிவு மழுங்கிப்போகும், அதைத் தடுக்க அரசு கல்வி தர வேண்டும் என்றும் அவரே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதோடு, 1945இல் பொருளியலாளர் ஹாயெக் எழுதிய கட்டுரையில் வெள்ளீயத்தைப் பற்றிய இரண்டு பக்கங்களும் தேவை. உலகின் எங்கோ ஒரு மூலையில் வெள்ளீயத்துக்குப் புதிய பயன் தோன்றியதா, அல்லது ஒரு சுரங்கம் மூடப்பட்டதா என்பது பயன்படுத்துவோருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியதைப் பார்த்துச் சிக்கனமாகிவிடுகிறார்கள். சிதறிக் கிடக்கும் அறிவை எந்தத் திட்டக்குழுவாலும் ஓரிடத்தில் திரட்ட முடியாது, விலையே அதைச் சுமந்து செல்கிறது என்ற இந்த வாதம், பேராசையைப் புகழும் மேடைப்பேச்சைவிட எவ்வளவோ வலிமையானது.

மார்க்சிய அணிக்கு 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் முதல் பகுதி. எகிப்தியப் பிரமிடுகளையும் ரோமானியக் கால்வாய்களையும் விஞ்சிய அதிசயங்களை முதலாளி வர்க்கம் நிகழ்த்தியது என்று மார்க்சும் எங்கெல்சும் வியந்து எழுதும் இடத்தைப் படித்ததும் பல மாணவர்கள் திகைப்பார்கள். அடுத்தது, 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயம். தியாகுவின் தமிழ் மொழிபெயர்ப்பு உள்ளது. 1863 ஜூன் மாதம் லண்டன் தையலகம் ஒன்றில் மற்ற 60 பெண்களோடு இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாமல் வேலை செய்து இறந்த மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுப் பெண்ணின் செய்தி அதில் வருகிறது. அந்தத் தையலக உரிமையாளர் கொடியவர் என்று நிறுவ மார்க்ஸ் முயலவில்லை. வேலைநாளை நீட்டும்படி மூலதனம் ஒவ்வொருவரையும் எப்படி உந்துகிறது என்பதையே காட்டுகிறார்.

அரசின்மைவாத அணிக்கு ரஷ்ய அரசின்மைவாதிகளான கிரபோத்கினும் பகூனினும். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் தலைமுறை தலைமுறையான உழைப்பு இருக்கிறது, எனவே "இது என்னுடையது" என்று எவரும் தனித்துச் சொல்ல முடியாது என்ற கிரபோத்கினின் வாதத்தைத் தறிக்கு அப்படியே பொருத்தலாம். ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் மைய அரசு எதுவும் கட்டளையிடாமல் உடன்பாடுகளாலேயே வண்டிகளை நாடுவிட்டு நாடு ஓட்டின என்ற அவரது எடுத்துக்காட்டும் இந்த அணிக்குப் பின்னால் கைகொடுக்கும். பகூனின் 1873இல் எழுதிய எச்சரிக்கை இதற்கு அடுத்தது: தொழிலாளர்களின் பெயரால் ஆட்சிக்கு வருபவர்கள், ஆட்சிக்கு வந்த கணமே தொழிலாளர்களாக இருப்பதில்லை. அந்நூலைப் படித்துக் குறிப்பெடுத்த மார்க்ஸ், ஒரு முதலாளி நகர்மன்ற உறுப்பினரானால் அவர் முதலாளியாக இல்லாமல் போய்விடுவதில்லையே என்று பதில் எழுதி வைத்தார். இவ்விரண்டு பத்திகளையும் ஒரே தாளில் அச்சிட்டு மூன்று அணிகளுக்கும் கொடுங்கள். தமிழில் கிடைக்காதவற்றை நீங்களே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான்காம் படி: அணி பிரித்தல்

அணிக்கு எட்டுப் பேர், கேட்போர் ஆறு பேர். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். விருப்பப்படி விட்டால் மார்க்சிய அணிக்கு மாணவர் சங்கத்தினரும், முதலாளித்துவ அணிக்கு வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளும் போவார்கள், அரசின்மைவாதத்துக்கு ஆளே இராது. கேட்போர் ஆறு பேரும் சும்மா இருப்பவர்கள் அல்லர். எந்த வாதத்துக்கு விடை வராமல் போனது என்று குறித்துக்கொண்டே வருவது அவர்கள் வேலை.

ஐந்தாம் படி: முதல் பாடவேளை, பரபக்கம்

ஒவ்வோர் அணிக்கும் தொடக்கவுரை 8 நிமிடம், மொத்தம் 24. அதற்குப் பிறகு வருவதுதான் இம்முறையின் உயிர். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், பிற சமயங்களை ஆராயும் பகுதியான பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார், தாம் மறுக்கப்போகும் சமயங்களின் கொள்கையை முதலில் முறையாக எடுத்துரைத்துவிட்டே மறுப்புக்குப் போகிறார். அந்த ஒழுங்கை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மார்க்சிய அணி முதலாளித்துவ அணியின் வாதத்தை 4 நிமிடத்தில் சொல்ல வேண்டும். அரசின்மைவாத அணி மார்க்சிய வாதத்தையும், முதலாளித்துவ அணி அரசின்மைவாதத்தையும் சொல்ல வேண்டும். உரிய அணி "ஆம், இதுவே எங்கள் வாதம்" என்று ஏற்கும்வரை அடுத்த கட்டம் கிடையாது. எஞ்சும் 14 நிமிடங்களும் திருத்தத்துக்கே செலவாகும்.

இந்தத் திருத்தங்களில்தான் கற்றல் நிகழ்கிறது. "சந்தைதான் எல்லாவற்றையும் தீர்க்கும் என்கிறீர்கள்" என்று மார்க்சிய அணி சொன்னபோது, "இல்லை, விலைக்குத் தெரிவது திட்டக்குழுவுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறோம்" என்று எதிரணி மாணவி திருத்தினார். ஒரே வாக்கியம்தான், ஆனால் அதன்பின் மார்க்சிய அணி தாங்கள் தயாரித்து வைத்திருந்த மறுப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

ஆறாம் படி: இரண்டாம் பாடவேளை, குறுக்கு விசாரணை

அணிக்கு 10 நிமிடம். மற்ற இரு அணிகளும் கேள்வி கேட்கும், பேருரைக்கு இடமில்லை. பின்னர் கேட்போருக்கு 15 நிமிடம், குறிப்பெழுத 5 நிமிடம். ஒவ்வோர் அணிக்கும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. அது வராவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

முதலாளித்துவ அணியிடம் தாது வருடப் பஞ்சத்தைக் கேட்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பட்டினியில் மடிந்தபோது, தானிய வணிகத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையை பிரிட்டிஷ் இந்திய அரசு பிடித்துக்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்பவருக்கான தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாக, அந்த அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். விலை ஏறினால் தானியம் வந்து சேரும். வாங்கக் காசில்லாதவருக்கு அந்த விலை என்ன செய்தி சொல்லும்? இந்த அணி நன்றாகத் தயாரித்திருந்தால், வாக்குரிமையும் சொத்துப் பாதுகாப்பும் இல்லாத காலனிய ஆட்சியைச் சந்தைப் பொருளாதாரம் என்று அழைக்கலாமா என்று திருப்பிக் கேட்கும். அங்கிருந்து விவாதம் உண்மையிலேயே ஆழமாகும்: அரசைக் கழித்துவிட்டுச் சந்தையை மட்டும் தனியே எடைபோட முடியுமா? விசைத்தறியின் கட்டணமில்லா மின்சாரத்தையும் இங்கேயே நுழைத்துவிடுங்கள்.

மார்க்சிய அணிக்கு, சோவியத் ஆட்சியின்கீழ் நேர்ந்த 1932–33ஆம் ஆண்டு உக்ரைன் பஞ்சம். "அது மார்க்சியமே அல்ல" என்ற விடையை மட்டும் ஏற்காதீர்கள். அப்படியானால் முதலாளித்துவ அணியும் தாது வருடத்தைப் பற்றி அதையே சொல்லிவிடலாம். ஒரு கட்சியின் கையில் நிலம், தானியம், செய்தி மூன்றும் குவிந்தபோது தவறைத் திருத்தும் வழி எங்கே போனது என்பதற்கு அவர்கள் விடை தேட வேண்டும். 1871இல் பாரிஸ் நகரத்தை 72 நாட்கள் ஆண்ட புரட்சி ஆட்சியான பாரிஸ் கம்யூனை நல்ல மாணவர்கள் இங்கே எடுத்துக்கொள்வார்கள். திரும்ப அழைக்கத்தக்க பிரதிநிதிகள், அதிகாரிகளின் ஊதியத்துக்கு உச்சவரம்பு, ரொட்டி சுடும் தொழிலாளரின் இரவு வேலைக்குத் தடை ஆகியவை அங்கே நடைமுறைக்கு வந்தன. ஆனால் அதே கம்யூனைப் பகூனினும் தம்முடையதாகவே கொண்டாடினார். பிரான்ஸ் வங்கியைக் கைப்பற்றாமல் விட்டது கடுமையான தவறு என்று எங்கெல்ஸ் பின்னாளில் எழுதினார். வங்கியைக் கைப்பற்றி ஆளும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்று அரசின்மைவாத அணி கேட்கும். 1872இல் முதல் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்தின் ஹேக் மாநாட்டில் பகூனின் வெளியேற்றப்பட்டதில் முடிந்த மார்க்ஸ்–பகூனின் சண்டை, வகுப்பில் மறுபடியும் பிறந்து வரும்.

அரசின்மைவாத அணிக்கு ஸ்பெயின் உள்நாட்டுப் போர். 1936 ஜூலையில் பார்சிலோனாவில் தெருச்சண்டை ஓய்ந்த சில நாட்களுக்குள் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்களே ஓட்டிக் காட்டினார்கள். இது அவர்களின் பெருமை. அதே ஆண்டு நவம்பரில் நான்கு அரசின்மைவாதிகள் குடியரசின் அமைச்சர்களானார்கள். இது அவர்களின் சங்கடம். போர் வந்ததும் அரசில் சேர வேண்டியிருந்தது என்றால், அரசில்லாத சமூகம் தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும்? கிரபோத்கினின் ரயில் எடுத்துக்காட்டைக் கொண்டு அவர்கள் விடை சொல்ல முயல்வார்கள். அந்த ரயில்கள் இலாபத்துக்காக ஓடிய நிறுவனங்களுடையவை, அவற்றின் ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நீதிமன்றம் இருந்தது என்று முதலாளித்துவ அணி மறிக்கும். இவ்விரு வாக்கியங்களுக்கு இடையில் ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம்.

இக்கோட்பாடுகள் நம் ஊருக்கு வெளியில் நடந்த சண்டைகள் என்று மாணவர் நினைத்துவிடாமல் இருக்க, எம்.பி.டி. ஆச்சாரியாவின் வாழ்க்கையை நான் சொல்வதுண்டு. 1887இல் சென்னையில் பிறந்து, பாரதியார் பணியாற்றிய இந்தியா இதழோடு தொடர்புகொண்டிருந்த அவர், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னர் அக்கட்சியிலிருந்து பிரிந்து, 1954இல் பம்பாயில் இறக்கும்வரை அரசின்மைவாதியாகவே வாழ்ந்தார். பகூனினுக்கும் மார்க்சுக்கும் நடந்த வாதம் ஒரு சென்னைக்காரரின் வாழ்நாளுக்குள் நடந்திருக்கிறது.

ஓர் ஆண்டு, சீட்டுக் குலுக்கலில் மார்க்சிய அணிக்குப் போன மாணவர் ஒருவரின் வீட்டிலேயே எட்டுத் தறிகள் இருந்தன. "அப்படியானால் உங்கள் அப்பா சுரண்டுபவரா?" என்று எதிரணி கேட்டது. நான் குறுக்கிட எழுந்தேன். அவர் கையமர்த்திவிட்டுக் கரும்பலகைக்குப் போனார். மீட்டருக்கு வரும் கூலி, தறியோட்டிக்குக் கொடுப்பது, உதிரிபாகம், கடன் வட்டி என்று வரிசையாக எழுதினார். எண்களைக் கழித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் "அம்மா தார் சுற்றியது" (தறிக்கு ஊடை நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை) என்று எழுதி, எதிரே ஒரு சுழியம் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மூன்று அணிகளில் ஒன்றிடமும் அந்த வரிக்கு ஆயத்தமான விடை இல்லை.

ஏழாம் படி: ஆசிரியர் நடந்துகொள்ள வேண்டிய விதம்

தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டிமன்ற நடுவரைப் போல இறுதியில் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் உங்கள் சாய்வுக்கேற்பத் தயாரித்து வருவார்கள். உங்கள் நிலைப்பாட்டை யாராவது கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. கட்டுரைகள் திருத்தி முடித்தபின் சொல்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள்.

ஒருவரின் தந்தை, சாதி, ஊர் ஆகியவற்றைச் சான்றாக இழுக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு, பிறருக்கு இல்லை என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகே நான் இதை எழுதி வைத்தேன். அந்த மாணவர் தாமாகத் தாங்கிக்கொண்டார், எல்லோராலும் அது முடியாது. சாதி விவாதத்துக்குள் வருவதைத் தடுக்கக் கூடாது. கூலியையும் நிலத்தையும் பற்றிய பேச்சு, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைத் தொடாமல் இந்த மண்ணில் முழுமையடையாது. வர்க்கம் என்ற ஒரே அளவுகோல் அங்கே போதுமா என்பதை மூன்று அணிகளும் எதிர்கொள்ளட்டும்.

எட்டாம் படி: மதிப்பெண்ணும் கட்டுரையும்

25 மதிப்பெண்ணில், எதிரணி வாதத்தை எடுத்துரைத்ததற்கு 10, குறுக்கு விசாரணைக்கு 5, தனிக் கட்டுரைக்கு 10 என்று பிரிக்கிறேன். தொடக்கவுரைக்கு மதிப்பெண் இல்லை. அதை நன்றாகப் பேசுபவர் தாமாகவே பேசுவார். கட்டுரை 600 சொற்களுக்குள், சீட்டில் விழுந்த அணிக்காக அல்லாமல் மாணவரின் சொந்த நிலைப்பாட்டில் இருக்க வேண்டும். அந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வகுப்பில் கேட்ட மிக வலுவான வாதம் எது என்பதைச் சொல்லும் பத்தி ஒன்று அதில் கட்டாயம். அந்தப் பத்தி இல்லாத கட்டுரையைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கேட்போர் ஆறு பேரின் குறிப்புகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டுக்கான கேள்விகள் அவற்றிலிருந்துதான் வரும். தறி பற்றிய என் மூன்று கேள்விகளும் அப்படித்தான் இப்போது நான்காகியிருக்கின்றன. கணக்கில் வராத உழைப்புக்கு யார், எதைக் கொண்டு பதில் சொல்வது என்ற நான்காவது கேள்வியை, தாளில் மற்ற மூன்றுக்கும் மேலே அச்சிட்டுக் கொடுக்கிறேன்.